பார்த்துக்கொள்பவன்: பராமரிப்பு, காதல், அதிகாரம் குறித்துச் சில குறிப்புகள்

1

‘மாப்பிள்ளை அவளை நல்லாப் பாத்துக்கிறாரு.’ தமிழில் ஒரு கணவனுக்குத் தரப்படுகிற உச்சபட்சச் சான்றிதழ் இதுதான். கல்யாணமாகிப் போன மகளைப் பற்றிப் பக்கத்து வீட்டில் பேசும்போது ‘அவன் அவளைக் காதலிக்கிறான்’ என்று எந்த அம்மாவும் சொல்வதில்லை. நல்லாப் பாத்துக்கிறான், அவ்வளவுதான். இதே வினைச்சொல்லைத்தான் வெளியூர் போகும்போது பூட்டிய வீட்டுக்கும் பயன்படுத்துகிறோம். எதிர் சீட்டுக்காரரிடம் பெட்டியை ஒப்படைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க ரயிலிலிருந்து இறங்குகிறவரும் இதையேதான் சொல்கிறார்: ‘கொஞ்சம் பாத்துக்குங்க, வந்துடறேன்.’ படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமியாரை ஆயாவிடம் விட்டுவிட்டு ஆபீசுக்குக் கிளம்பும் மருமகளும் இதையே சொல்கிறாள். ‘கொள்’ இங்கே வெறும் துணைவினை என்று இலக்கணக்காரர்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும். பார்வையும் உடைமையும் ஒரே சொல்லுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைச் சும்மா கடந்துபோக எனக்கு மனமில்லை.

உடல் ஊனமுற்ற இளம்பெண் ஒருத்திக்கும் அவளைப் பார்த்துக்கொள்கிறவனுக்கும் இடையே காதல் சாத்தியமா? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இது. நமது பொதுப்புத்தியிடம் இதற்கு இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று: ‘அடடா, எவ்வளவு பெரிய மனசு அவனுக்கு!’ இன்னொன்று: ‘அயோக்கியப் பயல், ஒண்ணும் தெரியாத பொண்ணை ஏமாத்திட்டான்.’ அவன் தெய்வம், இல்லையென்றால் பொறுக்கி. இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இலக்கணத்தில் ஒன்றே. இரண்டிலும் எழுவாய் அவன். அவள் செயப்படுபொருள். அவள் என்ன நினைத்தாள், எதை விரும்பினாள், எதை விரும்பாமலே சகித்துக்கொண்டாள் என்ற கேள்விக்கு இந்த வாக்கியங்களில் இடமே கிடையாது.

சொல் குறித்து ஒரு வார்த்தை. 2010இல் தமிழக அரசு ‘ஊனமுற்றோர்’ என்ற சொல்லை நீக்கி ‘மாற்றுத்திறனாளி’ என்பதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இழிவைத் துடைக்கும் நோக்கம் அதில் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் மரியாதையான சொல் வந்த பிறகும் படிக்கட்டு படிக்கட்டாகவே இருக்கிறது. ‘ஊனம்’ என்பதை இங்கே உடலில் இருக்கும் குறையாக நான் பயன்படுத்தவில்லை. படிக்கட்டுக்கும் உடலுக்கும் இடையே சமூகம் உண்டாக்கி வைத்திருக்கும் உறவு அது.

2

கேள்வியை அந்தரத்தில் வைத்துப் பேசுவதில் பயனில்லை. தென்சென்னைப் புறநகரிலிருந்து பேசுகிறேன். இங்கே தாம்பரம் சானடோரியம் என்ற பெயரில் ஒரு மின்சார ரயில் நிலையம் இருக்கிறது. 1928இல் டேவிட் சௌரி முத்து என்ற மருத்துவர் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய நிலையம் அது. 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. நல்ல காற்று மருந்தாகக் கருதப்பட்ட காலம். நகரம் தன் கண்ணில் படக்கூடாத உடல்களை ஊருக்கு வெளியே, காற்று வாங்க அனுப்பியது. பிறகு நகரமே பெருத்து வந்து அந்த இடத்தைச் சூழ்ந்துகொண்டது. முதியோர் இல்லம், மனவளர்ச்சி குன்றியோர் இல்லம் என்று பலகை மாட்டிய கட்டடங்கள் வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று இன்னும் தெற்கே நகர்ந்தன. விலக்கிவைத்தலுக்கும் ரியல் எஸ்டேட்டுக்கும் உள்ள இந்த உறவை ஃபூக்கோ படிக்காமலேயே ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்ஸில் போகிற எவரும் புரிந்துகொள்ளலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 1985இல் தொடங்கி இன்று கோட்டூர்புரத்தில் இயங்கும் வித்யாசாகர், 2005இல் முட்டுக்காட்டில் அமைந்த பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் போன்றவை பயிற்சியும் சிகிச்சையும் கல்வியும் தருகின்றன. ஆனால் மையத்திலிருந்து வீடு திரும்பிய பிறகு? சேலையூரிலோ மேடவாக்கத்திலோ லிப்ட் இல்லாத அடுக்ககத்தின் இரண்டாவது மாடியில் இருக்கிறாள் அவள். கீழே இறங்க இரண்டு பேர் தூக்கவேண்டும். அப்பாவுக்கு முதுகுவலி. அம்மாவுக்கு வயதாகிறது. மின்கம்பத்தில் ஒட்டியிருக்கும் ‘நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள ஆண், பெண் ஆட்கள் கிடைக்கும்’ நோட்டீசில் இருக்கும் எண்ணுக்குப் போன் போகிறது. ஆள் வருகிறார்.

காதலுக்கு ஒரு புவியியல் உண்டு. இந்தப் புறநகரில் வளர்ந்த பையனும் பெண்ணும் எங்கே காதலிக்கிறார்கள்? வண்டலூர் பூங்காவில், கோவளம் கடற்கரையில், டியூஷனுக்குப் போகும் வழியில், பீச் ஸ்டேஷன் வரை போய் அதே ரயிலில் திரும்பி வருவதில். பெற்றோரின் கண்ணிலிருந்து கொஞ்ச நேரம் தப்பிப்பதில்தான் காதல் முளைக்கிறது. இவளால் அப்படித் தப்பிக்க முடியாது. எங்கே போனாலும் யாராவது கூட வந்தாகவேண்டும். அவள் வேறொருவனைக் காதலித்தால் அந்தக் காதலில் பராமரிப்பவர் எப்போதும் மூன்றாவது ஆளாக உட்கார்ந்திருப்பார். அவளால் தனியாக இருக்க முடிகிற ஒரே மனிதர் பராமரிப்பவர்தான். அதனால் பராமரிப்பவன்மேல் வரும் காதல் ஏதோ அபூர்வமான ஆன்ம சம்பந்தம் அல்ல. தேர்ந்தெடுக்க வேறு ஆளே இல்லாத இடத்தில் அது நிகழ்கிறது. காதலையே ‘தேர்வு’ என்று வரையறுக்கும் நவீன சொல்லாடல் இந்த இரண்டாவது மாடியில் திணறிப்போய் நிற்கிறது.

2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாற்று வெள்ளம் வீடுகளுக்குள் ஏறியதை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நடக்க முடிந்தவர்கள் மொட்டை மாடிக்கு ஓடினார்கள். நடக்க முடியாதவர்களுக்கு, தூக்கிக்கொண்டு போக ஆள் இருந்ததா இல்லையா என்பதே உயிர் இருக்குமா போகுமா என்ற கேள்வி. அப்படித் தூக்கியவனை ஒருத்தி நேசித்தால் அது காதலா, நன்றியா, பயமா? மூன்றையும் பிரித்தெடுத்துக் காட்டும் ரசாயனம் எதுவும் நம்மிடம் இல்லை. இலக்கியமும் சினிமாவும் செய்யவேண்டிய வேலை அந்தக் கலவையைக் காட்டுவதுதான். அவை என்ன செய்தன?

3

பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ (1982) நம் கேள்விக்கான மூலப்பிரதி. கதை எல்லோருக்கும் தெரியும். கார் விபத்தில் தலையில் அடிபட்டு நினைவிழந்து குழந்தை மனநிலைக்குப் போய்விட்ட பெண், பாலியல் தொழில் நடக்கும் வீட்டில் விற்கப்படுகிறாள். அங்கே வரும் பள்ளி ஆசிரியர் சீனு அவளை மீட்டுக் கேத்திக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறான். சிகிச்சையில் குணமாகும்போது இடைப்பட்ட காலம் அவள் நினைவிலிருந்து அழிந்துவிடுகிறது. கேத்தி ரயில் நிலையத்தில் அடிபட்ட காலோடு குட்டிக்கரணம் போட்டுத் தன்னை ஞாபகப்படுத்த முயலும் சீனுவை அவள் பைத்தியம் என்றோ பிச்சைக்காரன் என்றோ நினைத்துவிடுகிறாள். ரயில் போய்விடுகிறது. கமல்ஹாசனுக்கு நடிப்புக்காகவும் பாலு மகேந்திராவுக்கு ஒளிப்பதிவுக்காகவும் தேசிய விருது கிடைத்தது. அடுத்த வருஷமே இந்தியில் ‘சத்மா’வாக வந்தது. ஒரு தலைமுறைத் தமிழ் ஆண்கள் அந்த ரயில் நிலையத்தில் நின்று அழுதார்கள். இன்னும் அழுகிறார்கள்.

அந்தக் கண்ணீரைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. ஆனால் கேமரா எங்கே நிற்கிறது என்று கேட்கவேண்டியிருக்கிறது. அது பிளாட்பாரத்தில், சீனுவோடு நிற்கிறது. இழந்தவன் அவன். அவள் இழந்தது எதுவும் பிரதியில் பதிவாகவில்லை. கொஞ்சம் ரயிலுக்குள் ஏறிப் பார்ப்போம். ஒரு பெண் கண்விழிக்கிறாள். வாழ்க்கையில் சில மாதங்களைக் காணோம். அந்த மாதங்களில் தான் எங்கே இருந்தோம், தனக்கு யார் ஊட்டினார்கள், யார் உறங்கவைத்தார்கள், தன் உடம்பை யார் யார் பார்த்தார்கள், எதுவும் தெரியாது. முகம் தெரியாத ஒருவன் ஜன்னலோரம் ஓடிவருகிறான். அவளுடைய இடத்திலிருந்து பார்த்தால் இது பயங்கரமான காட்சி. நமக்கு இது காதல் தோல்வி. ஒரே சட்டகத்துக்குள் இருக்கும் இந்த இரண்டு காட்சிகளில் ஒன்றை மட்டுமே பார்க்க நாம் பழக்கப்படுத்தப்பட்டிருக்கிறோம்.

பிரதியின் இன்னொரு முடிச்சும் முக்கியமானது. படத்தில் ஆசையை வெளிப்படையாகச் சொல்லும் பெண் ஒருத்தி இருக்கிறாள். சில்க் ஸ்மிதா நடித்த, தலைமையாசிரியரின் மனைவி. அவளுக்கு நினைவு இருக்கிறது, உடம்பு இருக்கிறது, சீனு வேண்டும் என்று தெரிகிறது. படம் அவளைக் கூச்சத்துக்குரியவளாக்கி ஓரத்தில் நிறுத்துகிறது. விஜிக்கு நினைவும் இல்லை, ஆசை என்றால் என்னவென்றும் தெரியாது. அதனாலேயே அவள் காதலுக்குத் தகுதியானவள். நினைவுள்ள பெண்ணுக்குக் காமத்தையும் நினைவற்ற பெண்ணுக்குக் காதலையும் ஒதுக்கிக் கொடுத்திருக்கிறது பிரதி. தன் விருப்பத்தைச் சொல்ல முடியாதவளே பரிசுத்தமான காதலி என்ற கற்பிதம் இங்கே அதன் உச்சத்தைத் தொடுகிறது. அவள் குணமாகும்போது காதல் முடிந்தே ஆகவேண்டும். பேசத் தெரிந்த விஜி, ‘நீ யாரு, எனக்கு என்ன செஞ்சே?’ என்று கேட்டுவிடுவாளே! அந்தக் கேள்வியைத் தவிர்க்கத்தான் மறதி தேவைப்படுகிறது. சீனு கண்ணியமானவன் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவன் கண்ணியமானவன் என்பதற்கு அவனும் பிரதியுமே சாட்சி. அவள் சாட்சிக்கூண்டில் ஏறவே இல்லை.

4

பாலை மாற்றிப்போட்டால் என்ன நடக்கிறது? ‘பாகப்பிரிவினை’யில் (1959) கையும் காலும் பாதிக்கப்பட்ட கண்ணையனைப் பொன்னி மணக்கிறாள். படம் முடிவதற்குள் அவன் உடம்பு சரியாகிவிடுகிறது. 2010இல் வந்த இந்திப்படமான ‘குஸாரிஷ்’, கழுத்துக்குக் கீழே அசைவற்றுப்போன மந்திரவித்தைக்காரனைப் பன்னிரண்டு வருஷம் பார்த்துக்கொள்ளும் நர்சை அவனுடைய மனைவியாக்குகிறது. ஊனமுற்ற ஆணைப் பார்த்துக்கொள்ளும் பெண் மனைவியாவது இயல்பு. மனைவியின் வேலையே பார்த்துக்கொள்வதுதானே? அங்கே யாரும் ‘பெரிய மனசு’ என்று கைதட்டுவதில்லை, கடமை என்று விட்டுவிடுகிறார்கள். ஊனமுற்ற பெண்ணைப் பார்த்துக்கொள்ளும் ஆண் மட்டும் தியாகியாகிறான். பராமரிப்பு பெண்ணுக்கு இயற்கை, ஆணுக்குச் சாதனை. ஆண் துணி துவைத்தால் கதாநாயகன். பெண் துவைத்தால் துணி சுத்தமாகிறது, அவ்வளவே.

நடைமுறையில் படுக்கைப்புண்ணைத் துடைப்பதும், மலம் அள்ளுவதும், மாதவிடாய்த் துணி மாற்றுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். அம்மா, அக்கா, அத்தை, கூலிக்கு வரும் ஆயா. அந்த ஆயா எந்தச் சாதியிலிருந்து வருகிறார் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. உடம்பு முழுக்கத் தொட்டுக் கழுவ அவர் வேண்டும். ஆனால் அவருக்குத் தனி டம்ளர் வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. தொடப்படுகிறவளின் உடலும் தொடுகிறவளின் உடலும் இரண்டுமே தீட்டாகக் கருதப்படும் இந்த இடத்தில் இரண்டு பெண்களுக்கிடையே உருவாகிற நெருக்கம், சிரிப்பு, ரகசியம், சில சமயம் காதல், இதைப் பற்றி நம்மிடம் கதையாடல் அநேகமாக இல்லை. காதல் என்றவுடன் ஆண் பராமரிப்பாளனைக் கொண்டுவந்து நிறுத்துவதிலேயே ஒரு மறைப்பு இருக்கிறது.

5

ராமின் ‘பேரன்பு’ (திரையரங்கில் 2019) இந்த மரபை உடைக்கத் துணிந்த படம். மூளை முடக்குவாதம் உள்ள பாப்பா வயதுக்கு வருகிறாள். தன்னை மாற்றிவிட, துடைத்துவிட அப்பா அமுதவன் கிட்டே வருவதை அவள் மறுக்கிறாள். தமிழ்ச் சினிமாவில் ஊனமுற்ற ஒரு பெண் தன் உடலின் மீது சொன்ன முதல் ‘மாட்டேன்’களில் இது ஒன்று. பராமரிப்பவர் அப்பாவாகவே இருந்தாலும் தொடுவதற்கு அனுமதி வேண்டும் என்று வசனம் இல்லாமலே சொல்கிறது படம். பிறகு சென்னைக்கு வருகிறார்கள். அவளுக்குக் காமம் இருக்கிறது என்று கண்டுகொள்ளும் அமுதவன், அவளுக்காக ஒரு ஆணைத் தேடிப் பாலியல் தொழில் நடக்கும் வீட்டின் கதவைத் தட்டுகிறான். அறை வாங்குகிறான்.

மூன்றாம் பிறையின் கதவு இங்கே தலைகீழாகத் திறக்கிறது. சீனு அப்படிப்பட்ட ஒரு வீட்டிலிருந்து அவளை வெளியே கொண்டுவந்தான். அமுதவன் அவளுக்காக அதற்குள் போகிறான். முப்பத்தேழு வருஷத்தில் நாம் கடந்த தூரம் இதுதான் என்று சொல்லலாம். ஊனமுற்ற பெண்ணுக்குக் காமம் உண்டு என்று ஒப்புக்கொண்டதற்காகவே இந்தப் படத்தை மதிக்கிறேன்.

ஆனாலும் கவனியுங்கள். கேள்வியைக் கேட்பவன் அப்பா, பதிலைத் தேடுபவனும் அப்பா. அறை வாங்குபவன், கடலுக்குள் இறங்குபவன், கடைசியில் மீராவை மணந்து தனிமையிலிருந்து மீள்பவன், எல்லாம் அவனே. பாப்பாவின் காமம் எழுப்பப்பட்ட கேள்வியாகவே நின்றுவிட, அப்பாவின் கல்யாணம் அதற்கு விடைபோல வந்து உட்கார்ந்துகொள்கிறது. மீரா திருநங்கை. சமூகம் ஒதுக்கிய மூன்று பேர் சேர்ந்து ஒரு குடும்பம். அழகான கனவுதான். ஆனால் சீனுவின் தனிமையில் முடிந்த கதை அமுதவனின் தனிமை தீர்வதில் முடிகிறது. இரண்டிலும் கதை பார்த்துக்கொள்பவனுடையது.

ஜெயமோகனின் ‘ஏழாம் உலகம்’ (2003) இந்த இடத்தில் வேறொரு கோணத்தைத் தருகிறது. அங்கே போத்திவேலுப் பண்டாரம் ஊனமுற்ற பிச்சைக்காரர்களை ‘உருப்படி’ என்று அழைத்து வாங்கி விற்கிறான். முத்தம்மையைத் திரும்பத் திரும்பப் பிள்ளைபெற வைக்கிறான். பிறக்கும் குழந்தை ஊனமாக இருந்தால் லாபம். அவனும் ‘பார்த்துக்கொள்கிறவன்’தான். சோறு போடுகிறான், இடம் தருகிறான், வேளாவேளைக்குத் தூக்கிக்கொண்டுபோய் வைக்கிறான். தன் பெண்பிள்ளைகள்மீது உருகும் நல்ல தகப்பனும்கூட. சீனுவையும் பண்டாரத்தையும் பக்கத்தில் வைப்பது பலருக்கு எரிச்சலூட்டும். அவர்கள் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இருவரிடமும் சாவி இருக்கிறது என்கிறேன். ஒருவன் அதை அன்போடு வைத்திருக்கிறான், இன்னொருவன் வியாபாரமாக. அவளிடம் சாவி இல்லை என்பது இரண்டு இடத்திலும் மாறவில்லை. மேய்ப்பன் ஆட்டின்மேல் உண்மையாகவே அன்பு கொண்டவனாக இருக்கலாம். அந்த அன்பே எப்படி ஆளுகையின் வடிவமாகிறது என்பதைத்தான் ஃபூக்கோ 1978இல் தன் உரைகளில் மேய்ப்பனின் அதிகாரம் என்று பேசினார்.

6

கதையை விட்டு அரசுக்கு வருவோம். ‘நல்ல நிலையில் உள்ளவர்’ மாற்றுத்திறனாளியை மணந்தால் தமிழக அரசு திருமண உதவி தருகிறது. பட்டம், பட்டயம் படித்திருந்தால் 50,000 ரூபாய், இல்லையென்றால் 25,000 ரூபாய். கூடவே தாலிக்குத் தங்கம். 2016இல் இது 8 கிராமாக உயர்ந்தது. ஏழைக் குடும்பத்துக்கு இந்தப் பணம் எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். திட்டத்தை எடுத்துவிடு என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பாருங்கள்: நல்ல நிலை. அவன் நல்ல நிலை, அவள் கெட்ட நிலை. நல்ல நிலையிலிருந்து இறங்கி வந்ததற்கு ஈடு. கல்யாண விளம்பரங்களில் பெண்ணுக்கு ‘சிறு குறை’ என்று எழுதிய கையோடு ‘சாதி தடையில்லை’ என்று எழுதுவதைப் பார்க்கலாம். சாதி ஒழிப்பு என்று சந்தோஷப்பட இதில் ஒன்றுமில்லை. தள்ளுபடி விலை அது. அவளைப் பார்த்துக்கொண்டவன் ஒடுக்கப்பட்ட சாதிக்காரனாக இருந்து, அவளும் அவனை விரும்பி, வீட்டில் சொன்னால் அந்தத் தடை உடனே திரும்பி வந்துவிடும். குடும்பம் கொடுத்தால் தள்ளுபடி, அவளே எடுத்துக்கொண்டால் குற்றம்.

சட்டம் எப்படிப் பார்க்கிறது? 2013இல் திருத்தப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 376சி பிரிவு, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 68ஆம் பிரிவு. மருத்துவமனை ஊழியர், இல்லத்தின் நிர்வாகி, நம்பிக்கை உறவில் இருப்பவர் தன் நிலையைப் பயன்படுத்தித் தன் பொறுப்பில் உள்ள பெண்ணை வசப்படுத்தி உறவு கொண்டால், அது வன்புணர்ச்சி ஆகாதபோதும் குற்றம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 92ஆம் பிரிவும் ஊனமுற்ற பெண்ணின் விருப்பத்தை ஆட்டிவைக்கும் நிலையில் இருப்பவன் அவளைப் பாலியல்ரீதியாகச் சுரண்டுவதைத் தண்டிக்கிறது. இவை வேண்டும். கட்டாயம் வேண்டும். ஏன் வேண்டும் என்பதற்குச் சண்டிகர் வழக்கைப் பார்த்தால் போதும். அரசு இல்லத்தில் இருந்த, மனவளர்ச்சி குன்றிய பெண்ணொருத்தி அங்கேயே வன்புணர்வுக்கு ஆளாகிக் கர்ப்பமானாள். கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அவள் குழந்தை வேண்டும் என்றாள். 2009இல் உச்ச நீதிமன்றம் அவளுடைய சம்மதம் இல்லாமல் கலைக்கக்கூடாது என்றது. அவளுடைய விருப்பத்துக்கு இந்த நாடு காது கொடுத்த மகத்தான தருணம்தான். ஆனால் அவளைக் காக்க இருந்த இடத்திலேயே நடந்த முதல் மீறலின்போது யாரும் கேட்காத சம்மதம், வயிற்றில் பிள்ளை வந்த பிறகு நீதிமன்றம் வரை போய்த்தான் கேட்கப்பட்டது.

1994 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தில் சிரூர் அரசு இல்லத்துப் பெண்களுக்குப் புனே சசூன் மருத்துவமனையில் கர்ப்பப்பையை அகற்றினார்கள். மாதவிடாய்க் காலத்தில் சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். அதாவது, பார்த்துக்கொள்வது சிரமம். பார்த்துக்கொள்பவரின் வசதிக்காகப் பார்த்துக்கொள்ளப்படுபவளின் உறுப்பை வெட்டி எடுப்பது. பெண்கள் அமைப்புகள் தெருவுக்கு வந்தன. பராமரிப்பு என்ற சொல்லைக் கேட்டவுடன் கண் கலங்குகிறவர்கள் சிரூரையும் சேர்த்து நினைவில் வைக்கவேண்டும்.

7

அப்படியானால் எல்லாமே அதிகாரம்தானா, காதலே கிடையாதா என்று நண்பர்கள் கேட்பார்கள். கிடையாது என்று சொல்வது எளிது. அது இன்னொரு கொடுமை. பாதுகாப்பின் பெயரால் அவளுடைய எல்லாக் காதலையும் சுரண்டல் என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதினால், அவள் ‘ஆம்’ என்று சொல்லும் உரிமையையும் சேர்த்துப் பறித்துவிடுகிறோம். வேண்டாம் என்ற சொல்லுக்கும் வேண்டும் என்ற சொல்லுக்கும் வாய் ஒன்றுதான்.

ஷோனாலி போஸின் ‘மார்கரிட்டா வித் எ ஸ்ட்ரா’ (2014) இதைப் புரிந்துகொண்ட படம். மூளை முடக்குவாதம் உள்ள லைலா, நியூயார்க்கில் தனக்காகத் தட்டச்சு செய்துதர நியமிக்கப்பட்டவனோடு உறவுகொள்கிறாள். அவளுக்கு அப்போது ஒரு துணைவி இருக்கிறாள், பார்வையற்ற கானும். ஆக, லைலா செய்வது துரோகம். நம் படங்களில் ஊனமுற்ற பெண் தப்பே செய்வதில்லை. விஜி சீனுவை மறப்பதுகூடத் தப்பில்லை, அவளுக்குத் தெரியாது. தப்புச் செய்ய முடிகிறவளுக்குத்தான் காதலிக்கவும் முடியும். லைலாவுக்கு அந்தத் தகுதி எங்கிருந்து வந்தது? அந்த உதவியாளன் போனால் இன்னொருவர் வருவார். அவன் அவளுடைய சோறு அல்ல.

மறுமுனையில் அமெரிக்காவின் அன்னா ஸ்டபிள்ஃபீல்ட் வழக்கு நிற்கிறது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர். பேச முடியாத, மூளை முடக்குவாதம் உள்ள இளைஞர் ஒருவரின் கையைத் தாங்கிப் பிடித்து விசைப்பலகையில் தட்டச்சு செய்ய உதவினார். அவர் தன்னைக் காதலிப்பதாக எழுத்து வந்தது என்றார். உறவும் ஏற்பட்டது. 2015இல் குற்றவாளி என்று தீர்ப்பு. 2017இல் மேல்முறையீட்டில் அது ரத்தானது. 2018இல் குறைந்த குற்றம் ஒன்றை அவர் ஒப்புக்கொண்டார். இங்கே ஆண்பெண் இடம் மாறியிருக்கிறது, ஆனால் கேள்வி அதேதான். ‘நான் உன்னைக் காதலிக்கிறேன்’ என்று எழுதியது யாருடைய கை? பற்றிய கையா, பற்றப்பட்ட கையா? அவர் பொய் சொன்னார் என்றே வைத்துக்கொள்ளத் தேவையில்லை. முழுமையாக நம்பியிருக்கலாம். அதுதான் பயமுறுத்துகிறது. பார்த்துக்கொள்பவர் தன் ஆசையையே மற்றவரின் குரலாகக் கேட்க முடியும்.

ஆக, ஒரு சோதனையை முன்வைக்கிறேன். தத்துவச் சோதனை அல்ல, சமையலறைச் சோதனை. அவள் ‘எனக்கு நீ வேண்டாம்’ என்று ராத்திரி எட்டு மணிக்குச் சொல்கிறாள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அவளைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போக ஆள் இருக்கிறதா? இருக்கிறது என்றால் அவள் முந்தின நாள் சொன்ன ‘வேண்டும்’ காதலாக இருக்கலாம். இல்லையென்றால் அதைக் காதல் என்று அழைக்கும் உரிமை யாருக்கும் இல்லை. அவனுக்கும் இல்லை, கதை எழுதுகிறவனுக்கும் இல்லை, டிக்கெட் எடுத்து அழுகிற நமக்கும் இல்லை.

இந்தச் சோதனை அவனையும் விடுவிக்கிறது என்பதைச் சேர்த்துச் சொல்லவேண்டும். ஈவா ஃபெடர் கிட்டே, கடுமையான ஊனமுள்ள மகளின் தாய், 1999இல் வெளிவந்த நூலில் சொன்ன விஷயம் இது: சார்ந்திருப்பவரைப் பார்த்துக்கொள்கிறவரும் அந்த வேலையாலேயே சார்ந்திருப்பவராகிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பி.எஃப். கிடையாது, ஜுரம் வந்தால் பதிலாள் கிடையாது. ஒருத்தியின் முழு உடம்பையும் ஒற்றை ஆள் சுமக்கிறபோது அவனுக்கும் அவளைத் தவிர உலகம் சுருங்கிவிடுகிறது. சுருங்கிப்போன இரண்டு உலகங்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்பதை நாம் பெருங்காதல் என்று கொண்டாடுகிறோம்.

எனவே காதலைப் பற்றிய இந்தக் கட்டுரை சாய்தளத்தைப் பற்றியும் லிப்டைப் பற்றியும் பேசாமல் முடிய முடியாது. இரண்டாவது உதவியாளர், அவள் பெயரிலேயே வருகிற உதவித்தொகை, அவளே ஆளை நியமிக்கவும் நீக்கவும் முடிகிற ஏற்பாடு, உள்ளேயிருந்து அவளால் பூட்ட முடிகிற கதவு. கேட்க ரொமான்டிக்காக இல்லைதான். ஆனால் இவை இருந்தால்தான் அவள் பூங்காவுக்குப் போகிற வழியில் வேறு யாரையாவது பார்க்க முடியும், பார்த்துவிட்டு ‘இல்லை, என்னைப் பார்த்துக்கொள்கிறானே அவன்தான் எனக்கு வேண்டும்’ என்று திரும்பி வரவும் முடியும். திரும்பி வரும் அந்த ‘வேண்டும்’ மீது எனக்கு முழு மரியாதை உண்டு.

8

விமர்சனத்துக்கு மிஞ்சும் வேலை ஒன்று இருக்கிறது. மூன்றாம் பிறையையும் பேரன்பையும் இனி பார்க்கும்போது அழலாம், தடையில்லை. ஆனால் யாருக்காக அழுகிறோம் என்று பாதியில் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். ‘நல்லாப் பாத்துக்கிறான்’ என்ற வாக்கியத்தைக் கேட்கும்போதெல்லாம், அவள் அவனைப் பார்த்தாளா, பார்த்து என்ன முடிவு செய்தாள் என்று எதிர்க்கேள்வி போடலாம். கேத்தியில் பிளாட்பாரத்திலிருந்து எழுதப்பட்ட கதை நம்மிடம் இருக்கிறது. ரயிலுக்குள்ளிருந்து, ஜன்னலோர சீட்டிலிருந்து, ஓடிவருகிற அந்த மனிதனைப் பார்த்தபடி எழுதப்பட வேண்டிய பிரதி பாக்கி. அதைச் சீனுக்களால் எழுத முடியாது. எழுதவேண்டியவள் இரண்டாவது மாடியில் இருக்கிறாள். இப்போதைக்கு அவள் கீழே இறங்க வழி செய்வோம்.